துறைமுகத்தை மூடிய குரல்

கம்ப்யூட்டர் பழுது பார்க்கப் போகிறவர்களிடம் எந்த ஆபீஸும் முதலில் தருகிற வாக்குமூலம் ஒன்றுதான்: "நான் ஒண்ணுமே தொடலை." இந்த ஒரு வரிக்குப் பின்னால் ஒளிந்திருப்பவர்களைக் கண்டுபிடித்துக் கண்டுபிடித்தே பிளாரன்ஸ் துப்பறிகிறவளாகிவிட்டாள். படித்தது நெட்வொர்க். தொழிலும் அதுதான், கிரேட் காட்டன் ரோட்டில் ஒரு மருந்துக்கடைக்கு மேலே மாடியறை, இரண்டு மேசை, ஓயாமல் அடிக்கிற ஒரு போன். ஆனாலும் தூத்துக்குடியில் யாருடைய மெயில் திருடு போனாலும், யாருடைய கம்ப்யூட்டருக்குள் யார் கை வைத்தாலும், முதலாளிகள் போலீஸுக்கு முன்னால் அவளைத்தான் கூப்பிட்டார்கள். போலீஸ் வந்தால் தெரு முழுக்கத் தெரிந்துவிடும். பிளாரன்ஸ் வந்தால் பிரிண்டர் ரிப்பேர் என்று சொல்லிக்கொள்ளலாம்.

அன்று மத்தியானம் கூப்பிட்டவர் நேசக்குமார். துறைமுகச் சாலையில் 'நேசம் ஷிப்பிங்' என்று கிளியரிங் ஏஜென்சி வைத்திருப்பவர்; வெளிநாட்டுக்குப் போகிற சரக்கைக் கப்பலேற்றி விடுவது அவர் வேலை. போனில் சொன்னது கொஞ்சம்தான். ஆபீஸில் ஒரு களவாணி இருக்கிறாள். அவள் சொல்வது பொய் என்று கம்ப்யூட்டரை வைத்து நிரூபித்துத் தரவேண்டும். சாயந்திரம் போலீஸ் வருகிறது.

"ஆள் யாருன்னு அவரே சொல்லிட்டாரு. பொய்னும் அவரே சொல்லிட்டாரு. நாம எதுக்குக்கா, கைதட்டவா?" என்றான் பைக்கை ஓட்டிக்கொண்டிருந்த பராங்குசம்.

பராங்குசம் அவளுடைய உதவியாள், ஆழ்வார்திருநகரிக்காரன். அப்பா பள்ளிக்கூட வாத்தியார், பெரியப்பா பெருமாள் கோயில் பட்டர். அந்தக் குடும்பத்தில் பேசாமல் விட்டவர்களுக்கெல்லாம் சேர்த்து இவன் ஒருவன் பேசினான்.

பின்னால் உட்கார்ந்திருந்த பிளாரன்ஸ் போனில் இருந்தாள். அவள் காதில் வேறொருவர் இருந்தார். உப்பு ஏற்றுமதிக்காரர் ஒருவருக்கு வைஃபை வரவில்லை. "பெட்டிக்குப் பின்னால் மஞ்சள் வயர் இருக்கும். கழற்றுங்கள். பத்து எண்ணுங்கள். மாட்டுங்கள். விளக்கு எரிகிறதா? நன்றி," என்று சொல்லி வைத்தாள். வீட்டில், தெருவில், பராங்குசத்திடம் எல்லாம் திரேஸ்புரத்துத் தமிழ் பேசுகிறவள், போனை எடுத்ததும் ஏற்ற இறக்கமில்லாத வேறொரு குரலுக்கு மாறிவிடுவாள். வாடிக்கையாளர் கத்தினாலும் அழுதாலும் அந்தக் குரல் அசையாது.

அது ஒரு காலத்தில் வேண்டுமென்றே பழகிய குரல். பிறகு கழற்ற வராமல் போயிற்று. போன வருஷம் அம்மாவை அடக்கம் செய்த அன்று, கல்லறைத் தோட்டத்து மதிலோரம் நின்றுகொண்டு ஒரு பேங்க்காரருக்குப் பிரிண்டரைச் சரிசெய்து கொடுத்தாள். குரல் பிசிறவில்லை. அன்றைக்கு அழுகை வரவில்லை, அதற்குப் பிறகும் வரவில்லை. பிளாரன்ஸ் திடமான பொம்பளை என்று எல்லோரும் சொன்னார்கள். திடமெல்லாம் ஒன்றுமில்லை. பல் பிடுங்குவதற்கு ஊசி போட்ட கன்னம் மாதிரி உள்ளே எல்லாம் மரத்துக் கிடந்தது, அவ்வளவுதான்.

நேசம் ஷிப்பிங் ஆபீஸ் ஜன்னல்களில் வழக்கம்போல நிலக்கரித் தூசி படிந்திருந்தது. நேசக்குமார் தன் அறையில் பேனாக்களை உயரவாரியாக அடுக்கிக்கொண்டிருந்தார். மனிதருக்கு எதுவும் கோணலாக இருக்கக் கூடாது, எதுவும் தொங்கக் கூடாது. பேசிக்கொண்டே எழுந்து வந்து, பராங்குசம் நாற்காலியில் மாட்டியிருந்த பையின் வாரைக் கூட மடித்து உள்ளே செருகிவிட்டுப் போனார்.

நடந்தது இதுதான். முந்தாநாள் மத்தியானம் காற்று பலமாக அடித்தது. துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றியிருந்தார்கள். ஆனாலும் வேலை நிற்கவில்லை. நண்டும் இறாலும் ஏற்றிய குளிர்ப்பெட்டி லாரிகள் துறைமுக கேட்டை நெருங்கும் நேரம். லாரிகளை அனுப்புகிற மேசையில் இருக்கும் விஜிலா டிரைவர்களை செல்லில் கூப்பிட்டு, ஹார்பரை மூடிட்டாங்க, திரும்பி வந்துருங்க என்று சொல்லிவிட்டாள். ஹார்பரை யாரும் மூடவில்லை. கப்பல் தன் பாட்டுக்குப் போய்விட்டது. லாரிகள் ஸ்டாண்டில் நின்று, குளிரூட்டும் மோட்டாருக்கு டீசல் தீர்ந்து, சரக்கு மொத்தமும் நாறிப் போயிற்று.

"யாரு சொன்னாங்கன்னு கேட்டா, ஸ்டோர் ரூம்ல இருக்க ஹார்பர் வாக்கி டாக்கியில சொன்னாங்கன்னு சொல்லுதா மேடம்," என்றார் நேசக்குமார். "வாக்கி டாக்கி அன்னைக்கு ஸ்டோர் ரூம்லயே இல்ல. என் கார்ல கெடந்துது. அதுலயும் பேட்டரி செத்துப் போய் ஒரு வாரம் ஆவுது."

"செத்தது பேசியிருக்குன்னா, அது நம்ம லைன் இல்ல அண்ணாச்சி, பேயோட்டுத கோடாங்கி லைன்," என்றான் பராங்குசம்.

நேசக்குமார் சிரிக்கவில்லை. போட்டி ஏஜென்சிக்காரன் ஒருவன் விஜிலாவைக் கைக்குள் போட்டுக்கொண்டான் என்பது அவர் கட்சி. பிளாரன்ஸ் செய்ய வேண்டியது சின்ன வேலை. ஆபீஸ் போன், மெயில், எல்லாவற்றையும் பார்த்து, துறைமுகத்திலிருந்து எந்தத் தகவலும் வரவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரவேண்டும். மிச்சத்தைப் போலீஸ் பார்த்துக்கொள்ளும்.

அந்த வேலை சீக்கிரமே முடிந்துவிட்டது. அந்த ஆபீஸில் மேசை போன்கள் நெட்டில்தான் ஓடும். முந்தாநாள் மத்தியானம் அங்கே நெட்டே இல்லை. எல்லாக் கம்ப்யூட்டரும் திணறி நின்று, பராங்குசம்தான் வந்து சரிசெய்துவிட்டுப் போயிருந்தான். ஆக மேசை போனில் யாரும் கூப்பிட்டிருக்க முடியாது. மெயிலும் வந்திருக்க முடியாது. நேசக்குமார் கேட்ட காகிதத்தை அப்போதே எழுதிக் கொடுத்துவிட்டு பைக் ஏறியிருக்கலாம். எழுதப் பேனாவைக்கூட எடுத்துவிட்டாள்.

ஆனால் குற்றவாளியைப் பார்க்காமல் அறிக்கை எழுதுவது அவளுக்குப் பழக்கமில்லை. பழக்கத்தினால்தான் எழுந்து போனாள், இரக்கத்தினால் இல்லை.

விஜிலா அவளுடைய மேசையிலேயே உட்கார்த்திவைக்கப்பட்டிருந்தாள். எதையும் தொடக் கூடாது என்று உத்தரவு. எதிரே கம்ப்யூட்டர் அணைந்து கிடந்தது. முப்பது வயதிருக்கும். அவளும் திரேஸ்புரம்தான், புருஷன் ரோச் வள்ளத்தில் கடலுக்குப் போகிறவன். இந்த ஆபீஸுக்குப் பல தடவை வந்தும் பிளாரன்ஸ் அவளோடு இரண்டு வார்த்தை பேசியதில்லை. பழுதென்றால் கணக்குப் பிள்ளைதான் போன் செய்வார்.

பிளாரன்ஸ் கேட்குமுன்னே விஜிலா தன் செல்லை எடுத்து நீட்டினாள். வந்த அழைப்புகளில் சந்தேகப்படும்படி எதுவுமில்லை. போன அழைப்புகளில்தான் ஒரு விஷயம் இருந்தது. டிரைவர்களைக் கூப்பிடுவதற்கு முன்னால் துறைமுக ஆபீஸ் நம்பருக்கு அடித்திருக்கிறாள். எடுக்கவில்லை. மறுபடி அடித்திருக்கிறாள். மறுபடியும் எடுக்கவில்லை. அதன் பிறகுதான் டிரைவர்கள்.

"இதப் பாத்தியாலே?" என்று பராங்குசத்திடம் காட்டினாள். "பொய் சொல்லப் போறவ, அது மெய்யான்னு எதுக்குலே கேட்டுப் பாக்கா?"

மடியில் கனமிருக்கிறவள் வழியில் நின்று விசாரிக்கமாட்டாள். விஜிலா எதையோ நிஜமாகவே கேட்டிருக்கிறாள். இல்லாத கருவி எப்படிப் பேசியது என்பதுதான் மிச்சக் கேள்வி.

"வேல போனாப் போவுதுக்கா," என்றாள் விஜிலா. "ஜீப்பு மட்டும் எங்க தெருவுக்குள்ள வரக் கூடாது. என் பிள்ளைய ரெண்டும் அங்கனதான் வெளையாடிட்டு நிக்கும். களவாணி மக்கன்னு ஒரு நாள் பேரு விழுந்துச்சுன்னா, அது கலியாணம் வரைக்கும் வரும்."

பாவமாக இருக்க வேண்டிய இடம் இது என்று பிளாரன்ஸுக்குத் தெரிந்தது. பாவமாக இல்லை. தலையை ஆட்டிவிட்டு, ஸ்டோர் ரூமைப் பார்க்கப் போனாள்.

ஸ்டோர் ரூம் விஜிலாவின் முதுகுக்குப் பின்னால்தான் இருந்தது. நடுவில் பிளைவுட் தடுப்பு ஒன்று. அது மேல் கூரை வரை எட்டாமல் இரண்டு சாண் இடைவெளியில் நின்றுபோயிருந்தது. ஆபீஸ் பக்கமிருந்து கதவு கிடையாது. பின்பக்கம் பைக் நிறுத்துகிற இடத்தின் வழியாகச் சுற்றித்தான் உள்ளே போகவேண்டும். வாக்கி டாக்கிக்கான சார்ஜர் ஒரு பலகையில் காலியாக இருந்தது. இன்னொரு மூலையில் நெட்வொர்க் பெட்டி, பச்சை விளக்குகளைச் சிமிட்டிக்கொண்டு. வெளியே நின்று யாராவது பேசினால் கேட்குமா என்று பார்த்தாள். கேட்கவில்லை, பக்கத்து லாரி பட்டறை இரைச்சலில் வெளிச் சத்தம் எதுவும் உள்ளே வரவில்லை. அப்படியென்றால் பேசியது உள்ளே இருந்துதான் பேசியிருக்கிறது.

தடுப்பின் மேல்விளிம்பில் தூசி கனமாகப் படிந்திருந்தது. ஒரே ஒரு இடத்தில் மட்டும், உள்ளங்கை அகலத்துக்குத் தூசி இல்லை.

"இங்கன என்னமோ வச்சிருக்காங்க," என்றாள்.

பராங்குசம் அண்ணாந்து பார்த்தான். "பல்லி படுத்திருக்கும்," என்றான். அவ்வளவுதான். உள்ளங்கை அகலப் பல்லியைப் பற்றி அவன் இன்னும் நாலு வரியாவது சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

விஜிலாவை வரச்சொல்லி, கேட்டதைக் கேட்டபடியே சொல்லச் சொன்னாள் பிளாரன்ஸ். அர்த்தம் வேண்டாம், வார்த்தை வேண்டும் என்றாள்.

விஜிலா கண்ணை மூடிக்கொண்டாள். "ஒரு பொம்பளக் குரல். அப்படியே மைக்குல அறிவிக்கிற மாதிரி. மொதல்ல ரெண்டு வார்த்தை சரியா காதுல விழல. பெறகு 'போர்ட்டை மூடு, டிராஃபிக்கை நிறுத்து, நான் சொல்லும் வரைக்கும் திறக்கக் கூடாது'ன்னு. நடுவுல ஒரு ஆம்பள 'ம்', 'ம்'னு மட்டும் சொன்னான். கூண்டு ஏத்தியிருக்க நேரம். வண்டிய நிறுத்துன்னா நம்ம லாரியத்தான சொல்லுதாங்கன்னு நெனச்சேன்."

"ஹார்பர்னு சொல்லலையா?"

"இல்லக்கா. போர்ட்டுன்னுதான்."

பிளாரன்ஸ் அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டாள். இந்த ஊரில் துறைமுகத்தில் வேலை பார்க்கிற யார் வாயிலும் அது ஹார்பர்தான். ஹார்பருக்குப் போறேன், ஹார்பர் பஸ், ஹார்பர் கேட். லாரிக்காரன், காவல்காரன், சுமைகாரன், மேலே இருக்கிற அதிகாரி வரைக்கும் அப்படித்தான். போர்ட் என்பது பெயர்ப்பலகையில் எழுதுகிற வார்த்தை. துறைமுகத்தை மூடச் சொன்ன பெண்ணுக்குத் துறைமுகத்தின் பேரே சரியாகத் தெரியவில்லை. அப்படியானால் அவள் துறைமுகத்துக்காரி இல்லை. வேறு எந்தத் தொழிலில் போர்ட்டை மூடுவார்கள்?

விடை நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. அதைச் சொல்லிப் பார்க்கப் பராங்குசத்தின் பக்கம் திரும்பினாள். அவன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். ஸ்டோர் ரூமுக்குள் நுழைந்ததிலிருந்து அந்தப் பல்லியைத் தவிர அவன் வாயிலிருந்து ஒரு கேலி வரவில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. வாயாடி மௌனமானால் வீட்டில் சாவு விழுந்திருக்க வேண்டும், அல்லது அவனுக்கு ஏதோ தெரிந்திருக்க வேண்டும்.

கேட்க வாயெடுத்தாள். போன் அடித்தது.

அந்தத் தொழிலில் போன் அடித்தால் எடுத்துத்தான் ஆகவேண்டும். விஜிலா மரியாதைக்காக வெளியே நகர்ந்து தன் இடத்துக்குச் சுற்றிக்கொண்டு போனாள். கூப்பிட்டவர் ஒரு பள்ளிக்கூடத்துக் கிளார்க். அட்மிஷன் நேரத்தில் நெட் நின்றுவிட்டது. பிளாரன்ஸ் ஸ்டோர் ரூமில் நின்றபடியே வழக்கமான போன் குரலில் சொன்னாள்: "பெட்டியைப் பாருங்கள். எந்த விளக்கு விடாமல் துடிக்கிறது? மூன்றாவதா? அந்த வயரைக் கழற்றுங்கள். நான் சொல்லும் வரைக்கும் மாட்டக் கூடாது."

பிளைவுட்டுக்கு அந்தப் பக்கம் நாற்காலி சரிந்து விழுந்த சத்தம் கேட்டது. பிறகு ஓடிவருகிற காலடி.

விஜிலா கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு. அந்த மத்தியானம் முழுக்க யாரும் பார்க்காத சிரிப்பு.

"கேட்டியளாக்கா? வாக்கி டாக்கி மறுபடி பேசுது. அதே பொம்பளதான். அதே குரல். ஓடிப் போய் அண்ணாச்சியைக் கூட்டிட்டு வாரேன், அவங்களும் கேக்கட்டும்."

அவள் கண் காலி சார்ஜருக்குப் போயிற்று. பிறகு பிளாரன்ஸ் காதில் இருந்த போனுக்கு வந்தது. சிரிப்பு அப்படியே முகத்தில் நின்றுவிட்டது, எங்கே போவதென்று தெரியாமல்.

போனில் கிளார்க், மேடம், மேடம் என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார். பிளாரன்ஸ் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு வாடிக்கையாளரைப் பதில் சொல்லாமல் துண்டித்தாள்.

"சொல்லுலே," என்றாள்.

பராங்குசம் சொன்னான். ஜோக்கு இல்லாமல் பேசும்போது அவன் குரல் பள்ளிக்கூடப் பையன் குரல் மாதிரி இருந்தது. முந்தாநாள் இந்த ஆபீஸில் யாரோ ஒரு வயரின் இரண்டு முனையையும் சுவரில் செருகிவிட்டிருந்தார்கள். அப்படிச் செருகினால் உள்ளே போன சேதியே சுற்றிச் சுற்றி வந்து பெருகி எல்லாக் கம்ப்யூட்டரையும் முடக்கிவிடும். நெட்வொர்க்காரர்கள் பாஷையில் அதற்கு ஸ்டார்ம் என்று பேர், புயல்தான். பெட்டியில் வயர் செருகுகிற ஓட்டைக்குப் பேர் போர்ட். வயரில் ஓடுகிற சேதிக்குப் பேர் டிராஃபிக். அவன் பின்வழியாக வந்து பெட்டி முன்னால் உட்கார்ந்து, பிளாரன்ஸைக் கூப்பிட்டிருக்கிறான். அவன் போனுக்குச் சிக்னல் அந்தத் தடுப்பு உச்சியில்தான் கிடைத்தது. போனை அங்கே வைத்து ஸ்பீக்கரைப் போட்டுவிட்டு, டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு, இரண்டு கையாலும் வயரைப் பிடித்துக்கொண்டிருந்தான். அதனால்தான் 'ம்', 'ம்'.

"நீங்க அப்போ ஒரு பேங்க்குல இருந்திய. 'ஸ்டார்ம் வந்திருக்கிறது. ஏழாவது போர்ட்டை மூடு. டிராஃபிக்கை நிறுத்து'ன்னு சொன்னிய. அண்ணாச்சி வாக்கி டாக்கின்னு ஆரம்பிச்சப்பவே எனக்கு வெளங்கிருச்சு. கோடாங்கின்னு சொல்லி மழுப்பப் பாத்தேன்."

பிளாரன்ஸ் ஞாபகப்படுத்திப் பார்த்தாள். ஒன்றும் வரவில்லை. பேங்க் நினைவிருந்தது, அங்கே குடித்த ஆறிப்போன டீ நினைவிருந்தது. சொன்னது நினைவில்லை. ஒரு நாளில் எத்தனை போர்ட், எத்தனை பேர். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு ஊரெல்லாம் நெய்க்கு அலைந்த கதையாக, தன் குரலையே தேடி அவள் பைக் ஏறி வந்திருக்கிறாள்.

"அக்கா," என்று பராங்குசம் குரலைத் தாழ்த்தினான். விஜிலா இருக்கிறாள் என்பதைக்கூட மறந்துவிட்டான். "தகவல் எதுவும் வரலன்னு எழுதிக் கொடுத்துட்டுப் போயிருவோம். அது பொய்யில்லையே. அண்ணாச்சிதான் நம்மள நாலு ஆபீஸுக்குச் சொல்லி விட்டவரு. இது தெரிஞ்சா ஹார்பர் ரோட்டுல ஒருத்தன் நம்மளக் கூப்பிடமாட்டான்."

விஜிலா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். கெஞ்சவில்லை, கோபப்படவுமில்லை.

"அந்தக் குரல் கொஞ்சம் பதறியிருந்தா நான் நம்பியிருக்கவே மாட்டேங்கா," என்றாள். "புயல் நேரத்துல மனுசங்க பதறத்தான செய்வாங்க. இது பதறாமச் சொல்லுச்சு. அதான் மேலிடம்னு நெனச்சேன்."

பிளாரன்ஸுக்குக் காது சுட்டது. என்ன இது என்று கொஞ்ச நேரம் புரியவில்லை. பிறகு புரிந்தது; வெட்கம். அவமானமாக இருந்தது அவளுக்கு. அது வந்ததே அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது.

நேசக்குமார் அறைக்குள் மூன்று பேரும் போனார்கள். போலீஸ் வந்துகொண்டிருக்கிறது, காகிதம் எங்கே என்று அவர் கேட்டார். காகிதம் இல்லை, ஆள்தான் இருக்கிறது என்றாள் பிளாரன்ஸ். எல்லாவற்றையும் முதலிலிருந்து சொன்னாள். போர்ட் என்றால் என்ன, ஸ்டார்ம் என்றால் என்ன, தடுப்பின் மேல் தூசியில்லாத இடம் ஏது. ஹார்பரை மூடச் சொன்ன பொம்பளை யார் என்று அவர் கேட்டபோது, "நான்தான் அண்ணாச்சி," என்றாள். "விஜிலா ஒரு பொய்யும் சொல்லல. கேட்டதத்தான் சொன்னா."

நேசக்குமார் பேனாக்களைக் கலைத்து மறுபடி அடுக்கினார். அவருக்குக் கோபத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. களவாணி கையில் இருக்கிறாள் என்று இரண்டு நாளாகத் தெம்பாக இருந்தவர். கடைசியில் வழி ஒன்று கண்டுபிடித்தார்.

"சரி, அந்த வயரை ரெண்டு பக்கமும் செருகினவன் யாரு? அவனல்லவா முதல் குத்தவாளி? அவனைப் பிடிங்க மேடம்."

கதவோரம் நின்ற விஜிலாதான் மெல்லச் சொன்னாள்.

"அன்னைக்குக் காலையில நீங்கதான் அண்ணாச்சி. என் மேசைக்குக் கீழ வயர் ஒண்ணு தொங்குதுன்னு சத்தம் போட்டு, குனிஞ்சு நீங்களே சுவத்துல சொருகிட்டுப் போனிய."

நேசக்குமாரின் கை பேனா மேலேயே நின்றது. "நான் ஒண்ணுமே…" என்று ஆரம்பித்தார். அதற்குமேல் போகவில்லை. போனை எடுத்து யாரிடமோ, வரவேண்டாம், ஆபீஸ் விஷயம் ஆபீஸோடு முடிந்துவிட்டது என்றார். விஜிலாவிடம் போய் உன் வேலையைப் பார் என்றார், மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. பிளாரன்ஸிடம், இந்த மாதத்தோடு வேறு ஆள் பார்த்துக்கொள்கிறேன் என்றார். கும்பிட்டுத்தான் சொன்னார்.

அறைக்கு வெளியே வந்ததும் பராங்குசம் சொன்னான்: "துப்பறிஞ்சு துப்பறிஞ்சு நம்ம சோத்துலயே மண்ணைக் கண்டுபிடிச்சிருக்கோம்க்கா." ஜோக்கு திரும்பிவிட்டது. ஆனால் அவன் கண் கலங்கியிருந்தது.

விஜிலா தன் மேசைக்குப் போய், சாய்ந்து கிடந்த நாற்காலியை நிமிர்த்தி, உட்கார்ந்து, கம்ப்யூட்டரைப் போட்டாள். அவளைத் தாண்டித்தான் வாசலுக்குப் போகவேண்டும். பிளாரன்ஸ் தாண்டும்போது, "அக்கா," என்று கூப்பிட்டாள்.

நன்றி சொல்லப் போகிறாள், அல்லது திட்டப் போகிறாள். பிளாரன்ஸ் நின்று திரும்பினாள்.

"எனக்கு நெட் வரலக்கா," என்றாள் விஜிலா.

பராங்குசம் நெற்றியில் அடித்துக்கொண்டான். "ஏழாவது போர்ட். இந்த மேசைதான். நீங்க சொல்லும் வரைக்கும் திறக்கக் கூடாதுன்னிய. அப்புறம் நீங்க சொல்லவே இல்லக்கா. நானும் விட்டுட்டேன்."

ஆபீஸ் முழுக்க நெட் வந்து, போன் வந்து, எல்லோரும் வேலை பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் இந்த ஒரு மேசை மட்டும் இருண்டு கிடந்திருக்கிறது. முந்தாநாள் கம்ப்யூட்டரில் ஒரு நிமிஷம் பார்த்திருந்தால் ஹார்பர் திறந்திருப்பது விஜிலாவுக்குத் தெரிந்திருக்கும். சரக்கு கப்பலேறியிருக்கும். இவள் களவாணியாகியிருக்கமாட்டாள். பிளாரன்ஸ் ஒரு வார்த்தை சொல்ல மறந்து, அடுத்த போனை எடுத்துவிட்டாள்.

பராங்குசத்தை வேண்டாமென்று கையமர்த்திவிட்டு, மேசைக்குக் கீழே குனிந்து அந்த வயரின் ஒரு முனையைச் சுவரிலிருந்து பிடுங்கிப் போட்டுவிட்டு, பின்பக்கமாகச் சுற்றித் தானே ஸ்டோர் ரூமுக்குள் போனாள். பெட்டியில் லேப்டாப்பை மாட்டி ஏழாவது போர்ட்டைத் திறந்தாள். விளக்கு ஒரு நொடி யோசித்து, பச்சையாயிற்று. இனி அந்தப் பக்கம் சரியாக இருக்கிறதா என்று கேட்க வேண்டும். ஆயிரம் தடவை கேட்ட கேள்வி. வாயைத் திறந்தாள். அந்தக் குரல் வரவில்லை.

"விஜிலா," என்றாள். "இப்பப் பாரு தாயி. வருதா?"

"வந்துருச்சு," என்றது பிளைவுட்டுக்கு அந்தப் பக்கம். பிறகு கொஞ்சம் தயங்கி, "யாரு அங்கன பேசுதது?" என்று கேட்டது.

நான்தான் என்று பிளாரன்ஸ் சொல்ல வேண்டும். சொன்னால் அழுகை வந்துவிடும் போலிருந்தது.